புதுக் கத்தி வேண்டாம், ஒரு சாணைக்கல் வாங்குங்கள்

தக்காளியின் மேல் கத்தியை வைத்தால் தோல் உள்ளே அமுங்கி, விதையும் சாறும் பலகை முழுக்க வழிகிறதா? வெங்காயம் நறுக்கும்போது அலகு வழுக்கிப் பக்கவாட்டில் ஓடுகிறதா? கத்தி கெட்டுப்போய்விட்டது என்று புதிதாக ஒன்று வாங்கக் கிளம்பாதீர்கள். கத்தியில் ஒரு குறையும் இல்லை. கூர் போயிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு நல்ல சாணைக்கல் இருந்தால் வீட்டில் இருக்கிற எல்லாக் கத்திகளுக்கும் அதைத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம். எங்கள் சமையலறையில் ஒரு வருடத்துக்கும் மேலாக உழைத்துக்கொண்டிருக்கும் இரட்டைப் பக்கக் கல் ஒன்றைப் பற்றித்தான் எழுதுகிறேன். அதில் பிடித்தது நிறைய. பிடிக்காததும் உண்டு, அதையும் சொல்கிறேன்.

இது அபூர்வமான பொருள் இல்லை. ஏறக்குறைய ஒரே அமைப்பில் பல பெயர்களில் வருகிறது. பெட்டியின் மேல் 1000/6000 என்று போட்டிருக்கும். நீளம் 18 சென்டிமீட்டர், அகலம் 6, கனம் 3. ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் வழவழப்பு. இரண்டும் வேறு வேறு நிறத்தில் இருப்பதால் ஈரக்கையோடு அவசரமாக எடுத்தாலும் குழப்பம் வராது. கூடவே ஒரு மூங்கில் தட்டு, அதற்குள் கல் உட்கார ஒரு ரப்பர் படுக்கை, கத்தியின் முதுகில் மாட்டிக்கொள்ள ஒரு சின்ன பிளாஸ்டிக் கவ்வி.

அந்த எண், கல்லில் இருக்கும் துகள் எவ்வளவு பொடிசு என்பதைச் சொல்கிறது. எண் கூடக் கூடத் துகள் நுணுக்கமாகும். 1000 பக்கத்துத் துகள் பத்து பதினைந்து மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) இருக்கும், 6000 பக்கத்துத் துகள் சுமார் இரண்டு மைக்ரான். தலைமுடியின் தடிமன் பொதுவாக 50 முதல் 100 மைக்ரான் என்பதை வைத்துப் பார்த்தால் எவ்வளவு நுணுக்கமான வேலை இது என்று புரியும். உப்புத்தாளில் போட்டிருக்கும் எண்ணும் இந்த எண்ணும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். ஜப்பானிய முறைக்கு ஒரு கணக்கு, ஐரோப்பிய முறைக்கு ஒரு கணக்கு, அமெரிக்க முறைக்கு இன்னொன்று. தண்ணீர் விட்டுத் தீட்டும் கற்களில் பெரும்பாலும் ஜப்பானிய எண்தான் இருக்கும்.

துகள் பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு. கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் வைரம் 10 என்றால் இது 9. பழைய இயற்கைக் கற்கள் பலவற்றில் தீட்டும் வேலையைச் செய்வது குவார்ட்ஸ், அது 7. எட்வர்ட் அச்சிசன் என்பவர் சிலிக்கன் கார்பைடு என்ற இன்னொரு தீட்டும் துகளை உலையில் உருவாக்கி 1893-இல் காப்புரிமை வாங்கினார். இயற்கையில் கிடைப்பதையே நம்பியிருந்த சாணைத் தொழிலுக்கு அப்படித்தான் செயற்கைத் துகள் வந்து சேர்ந்தது. இன்று ஒரு சாதாரண வீட்டில் இவ்வளவு சீரான கல் இருக்க முடிகிறது என்றால் அந்த உலைகளுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

எவர்சில்வர் கத்திக்குக் கல் பிடிக்காது என்று பலர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அது சரியில்லை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி என்ற உலோகவியலாளர் 1913-இல் உருக்கிய துருப்பிடிக்காத எஃகில் சுமார் 13 சதவீதம் குரோமியம் இருந்தது. இன்றைய சமையல் கத்திகள் பலவும் அந்த வம்சம்தான். குரோமியம் அதிகமுள்ள எஃகில் கல் ஏறுவதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், தீட்டும்போது கூரின் ஓரத்தில் மடிந்து வரும் மெல்லிய பிசிறு எளிதில் உதிராமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஆனால் பொறுமையாகச் செய்தால் அந்தக் கத்தியும் காகிதத்தைச் சத்தமில்லாமல் வெட்டும்.

என் மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு விரல் மூட்டுகளில் வாதம். காய் நறுக்குவது அவருக்குப் பிடித்த வேலை. உட்கார்ந்து பேசிக்கொண்டே எல்லோருக்கும் நறுக்கிக் கொடுப்பார். வலி கூடியதும் கேரட், பீட்ரூட் மாதிரி கெட்டியான காய்களை ஒதுக்கிவைக்க ஆரம்பித்தார். கொஞ்ச நாளில் கத்தியையே தொடுவதில்லை. பழைய கத்தியை இந்தக் கல்லில் தீட்டி, ஒன்றும் சொல்லாமல் அவர் பக்கத்தில் வைத்தேன். ஒரு கேரட்டை எடுத்து இரண்டு வெட்டு வெட்டிவிட்டுக் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏம்மா, புதுக் கத்தியா இது?”

“இல்லை அத்தை, நம்ம பழைய கத்திதான். தீட்டி வச்சிருக்கேன்.”

“அழுத்தவே வேண்டாம் போலிருக்கே.”

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைப் பொறுத்தவரை இந்தக் கல்லுக்கு உண்மையான மதிப்பெண். கூர் இல்லாத கத்தியில் வெட்டுவது அலகு இல்லை, நம் மணிக்கட்டும் தோளும். அதிகம் அழுத்துவதால்தான் கத்தி வழுக்குகிறது. வழுக்கும் கத்திதான் விரலில் ஆழமாக இறங்குகிறது. வயதானவர்கள் இருக்கிற வீட்டில் கூர்மையான கத்தி ஆபத்து என்று எடுத்து ஒளித்துவைக்கிறார்கள். நான் அதற்கு நேர்மாறாகச் சொல்வேன். கை பலம் குறைந்தவர்களுக்குத்தான் நல்ல கூர் வேண்டும்.

வெங்காயத்திலும் வித்தியாசம் தெரியும். கண்ணில் நீர் வரவைக்கும் வாயு, வெங்காயத்தின் செல்கள் உடையும்போது உள்ளே தனித்தனியாக இருந்த பொருள்கள் கலப்பதால் உண்டாகிறது. கூரான அலகு செல்களை நசுக்காமல் பிளந்துகொண்டு போவதால் எரிச்சல் குறைகிறது. கீரையை நறுக்கி வைத்தால் வெட்டிய ஓரம் அவ்வளவு சீக்கிரம் கறுப்பதில்லை. நறுக்கிய பலகையில் தண்ணீர் தேங்குவதில்லை.

இனி தீட்டும் முறை. அது தெரியாமல் இந்தக் கல்லை மதிப்பிட முடியாது.

முதலில் கல்லைத் தண்ணீரில் போட வேண்டும். போட்டவுடன் அதன் மேனியிலிருந்து பொடிப் பொடியாகக் குமிழி கிளம்பும். குமிழி நிற்கும் வரை, அதாவது பத்துப் பதினைந்து நிமிடம், விட்டுவிடுங்கள். 6000 பக்கம் அடர்த்தியானது, அதற்கு மேலே தெளித்தாலே போதும். சில கற்களை ஊறவைக்கவே கூடாது, தெளித்தால் மட்டும் போதும் என்று பெட்டியிலேயே எழுதியிருப்பார்கள். அவற்றை ஊறவைத்தால் பிணைப்பு தளர்ந்து விரிசல் விடும். எதுவானாலும் தண்ணீரிலேயே நாள் கணக்கில் போட்டு வைக்காதீர்கள். எண்ணெய் விடவே கூடாது. ஒருமுறை எண்ணெய் இறங்கிய கல்லில் தண்ணீர் ஏறாது.

அடுத்தது கோணம். எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். டிகிரி கணக்கு மண்டையில் ஏறவில்லையென்றால் உயரக் கணக்காக மாற்றிக்கொள்ளுங்கள். கூரிலிருந்து முதுகு வரை 4.5 சென்டிமீட்டர் அகலமுள்ள கத்தியைக் கல்லில் படுக்க வைத்து, முதுகை 15 மில்லிமீட்டர் தூக்கினால் அது ஏறக்குறைய 20 டிகிரி. 12 மில்லிமீட்டர் தூக்கினால் 15 டிகிரி. 3 சென்டிமீட்டர் அகலமுள்ள சின்னப் பழக் கத்திக்கு 10 மில்லிமீட்டர் தூக்கினாலே 20 டிகிரி வந்துவிடும். சாதாரண எவர்சில்வர் கத்திக்கு 18 முதல் 20 வரை சரியாக இருக்கும். மெல்லிய, கடினமான எஃகுக் கத்திக்கு 15. ஒரு டிகிரி இரண்டு டிகிரி கூடக்குறைய இருந்தால் ஒன்றும் ஆகாது. தேய்க்கிற ஒவ்வொரு முறையும் கோணம் மாறாமல் இருப்பதுதான் முக்கியம்.

கோணம் சரியா என்று தெரிந்துகொள்ள ஒரு மார்க்கர் பேனா போதும். கூரை ஒட்டிய சரிவில் நீளவாக்கில் மையைப் பூசுங்கள். கல்லில் நான்கைந்து தடவை தேய்த்துவிட்டுத் திருப்பிப் பாருங்கள். சரிவு முழுக்க மை அழிந்திருந்தால் கோணம் சரி. கூரின் ஓரத்தில் மட்டும் அழிந்திருந்தால் முதுகை அதிகம் தூக்கியிருக்கிறீர்கள். மேற்பக்கம் மட்டும் அழிந்து ஓரத்தில் மை அப்படியே நின்றால் போதுமான அளவு தூக்கவில்லை. எந்த ஆசிரியரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லிக்கொடுக்க முடியாது.

பிடியை ஒரு கையில் பிடித்து, மறுகையின் இரண்டு மூன்று விரல் நுனிகளைக் கூருக்குச் சற்று மேலே அலகின் மேல் வைத்து, முன்னும் பின்னும் தேய்க்க வேண்டும். விரல் நுனி இருக்கும் இடத்தில்தான் எஃகு தேயும்; அதனால் பிடியோரத்திலிருந்து நுனி வரை விரல்களைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே போக வேண்டும். நுனிக்கு வரும்போது அலகு வளைகிறதல்லவா, அங்கே முழங்கையை லேசாக உயர்த்த வேண்டும். இல்லாவிட்டால் நுனி மட்டும் மழுங்கலாகவே தங்கிவிடும்.

1000 பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் சத்தம். கோணம் பொருந்தியிருக்கும்போது ‘சர்ர்... சர்ர்’ என்று ஒரே சீராக வரும். கை கொஞ்சம் சாய்ந்தால் சத்தம் கரகரக்கும், உடனே தெரியும். தேய்க்கத் தேய்க்கக் கல்லின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு சேறு படியும். அழுக்கு என்று நினைத்து அதைக் கழுவித் தள்ளாதீர்கள். கல்லிலிருந்து உதிர்ந்த துகளும் கத்தியிலிருந்து வந்த எஃகும் கலந்தது அது. தீட்டும் வேலையில் பாதியைச் செய்வது அந்தச் சேறுதான். காய்ந்துபோனால் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால் போதும். இந்தக் கல்லில் சேறு தாராளமாக வருகிறது. வேலை வேகமாக நடக்கிறது என்பதற்கு அது அடையாளம். கல் வேகமாகத் தேய்கிறது என்பதற்கும் அதுவே அடையாளம்.

எப்போது நிறுத்துவது? இதைத்தான் பெட்டிக்குள் இருந்த குறிப்புத்தாள் சொல்லவில்லை. ஒரு பக்கத்துக்கு இத்தனை தடவை தேய்க்கவும் என்று ஒரு எண்ணைப் போட்டிருக்கிறார்கள். எண்ணிக்கை எதற்கும் உதவாது. பிசிறு வந்ததா என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் தேய்த்துத் தேய்த்துத் தேய்மானம் கூரின் உச்சியைத் தொடும்போது, எதிர்ப்பக்கம் மெல்லிய உதடு மாதிரி ஒன்று மடிந்து நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். கட்டைவிரலை முதுகுப் பக்கத்திலிருந்து கூரைத் தாண்டி வெளியே வழித்துப் பாருங்கள். கூரின் நீளவாக்கில் ஒருபோதும் விரலை ஓட்டாதீர்கள், வெட்டிவிடும். வழிக்கும்போது ஓரத்தில் லேசாகச் சொரசொரவென்று பிடித்தால் அதுதான் பிசிறு. கொஞ்சம் பஞ்சை எடுத்து வழித்தால் இன்னும் நன்றாகத் தெரியும், பஞ்சு இழை மாட்டிக்கொண்டு நிற்கும். பிடியோரம் முதல் நுனி வரை ஒரு இடம் விடாமல் பிசிறு வந்தால்தான் அந்தப் பக்கம் முடிந்தது. நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு வரவில்லையென்றால், அந்த விரல் அகலம் இன்னும் மழுங்கல்தான். அங்கே மட்டும் இன்னும் கொஞ்சம் தேய்த்துவிட்டு, பிறகுதான் கத்தியைத் திருப்ப வேண்டும்.

திருப்பி அடுத்த பக்கமும் அதே மாதிரி. பிறகு பக்கத்துக்கு ஒரு இழுப்பு என்று மாற்றி மாற்றி, கத்தியின் எடை மட்டும் கல்லில் படுகிற அளவுக்கு லேசாக இழுத்தால் பிசிறு மெலியும். அதை முழுக்க எடுக்கத் தோல் பட்டையோ தடிமனான துணியோ இருந்தால் நல்லது. மடித்த செய்தித்தாளும் போதும். அதன் மேல் கூர் பின்னால் வருகிற திசையில் மட்டும் இழுக்க வேண்டும். பிசிறை எடுக்காமல் விட்டால் கத்தி முதல் நாள் பிரமாதமாக வெட்டும், இரண்டாம் நாளே மழுங்கும். தீட்டினாலும் கூர் நிற்பதில்லை என்று புகார் சொல்பவர்களின் கத்தியில் பெரும்பாலும் இந்தப் பிசிறுதான் மிச்சமிருக்கும்.

சரி, 6000 பக்கத்துக்கு வருவோம். இங்கேதான் எனக்கு இந்தக் கல்லோடு கருத்து வேறுபாடு.

அந்தப் பக்கம் செய்யும் வேலை அழகானது, மறுக்கவில்லை. சரிவு முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளக்கும். ஆனால் பெரும்பாலான வீடுகளில் இருக்கும் கத்திகளுக்கு அது தேவையில்லை. எஃகின் கடினத்தை ராக்வெல் சி என்ற அளவில் சொல்வார்கள். சாதாரண எவர்சில்வர் சமையல் கத்தி 54 முதல் 58 வரை இருக்கும். ஜப்பானியக் கத்திகள் பலவும் 60-க்கு மேல். மென்மையான எஃகில் 6000 வரை மெருகேற்றினால் அந்த நுணுக்கம் சில நாள் சமையலிலேயே போய்விடும். தக்காளித் தோல், குடைமிளகாய்த் தோல் மாதிரி வழுக்கும் தோலைப் பிடிக்க, 1000 விட்டுவைக்கும் நுண்ணிய பற்கள்தான் உதவும். அதிகம் மெருகேறிய கூர் அந்தத் தோலின் மேல் வழுக்கிக்கொண்டு போவதை நானே பார்த்திருக்கிறேன். அதனால் எங்கள் வீட்டில் அன்றாடக் கத்திகள் 1000-த்தோடு நின்றுவிடும். எலும்பில்லாத மீனையும் இறைச்சியையும் மெல்லிய துண்டுகளாக இழைக்கிற ஒரு கடின எஃகுக் கத்தி மட்டும் 6000-க்குப் போகும். அதில் அந்தப் பக்கத்தின் அருமை தெரியும்; துண்டின் முகம் கிழியாமல் கண்ணாடி மாதிரி வரும்.

உண்மையில் முதல் கல் வாங்குபவருக்கு 400/1000 தான் நான் பரிந்துரைப்பது. பல வருடம் தீட்டாத கத்தி, கூரில் அங்கங்கே பல் விழுந்த கத்தி, நுனி உடைந்த கத்தி, இவற்றை 1000-இல் சரிசெய்ய உட்கார்ந்தால் கை ஓய்ந்துவிடும். 400 அதைச் சீக்கிரம் முடித்துவிடும். 1000/6000 என்ற ஜோடி கண்ணுக்குக் கவர்ச்சியாக இருப்பதால் அதிகம் விற்கிறது என்று நினைக்கிறேன். வீட்டுக்கு வேண்டியது அதற்கு ஒரு படி கீழே இருக்கிறது.

இனி கூட வந்த சாமான்கள். ரப்பர் படுக்கை நன்றாக இருக்கிறது, கல் அசையவே இல்லை. மூங்கில் தட்டு அவ்வளவு நன்றாக இல்லை. மேடை ஈரமானதும் தட்டே நகர ஆரம்பிக்கும். நனைத்துப் பிழிந்த துணியை அடியில் விரித்தால்தான் நிற்கிறது. ஈரத்தோடு வைத்தால் மூங்கிலில் கரும்புள்ளியாகப் பூஞ்சை பிடிக்கும். தட்டே இல்லாமல் ஈரத்துணி, ரப்பர், கல் என்று வைத்தாலும் வேலை நடக்கும்.

பிளாஸ்டிக் கவ்வியைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுங்கள். முதுகில் மாட்டினால் கோணம் தானாக வரும் என்பதுதான் அதைப் பற்றிச் சொல்லப்படுவது. அலகின் நடுவில் அது ஓரளவு உண்மை. நுனியை நெருங்கும்போது அலகு குறுகுகிறது, கவ்வியின் உயரமோ மாறாது. அதனால் கோணம் ஏறிவிடும். கவ்வியும் கல்லில் உரசிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும், அந்தத் தூள் சேற்றில் கலக்கும், கத்தியின் முதுகிலும் கீறல் விழும். மார்க்கர் மை இதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

கல் தேய்வதைப் பற்றிச் சொன்னேன் அல்லவா. நடுவில்தான் அதிகம் தேய்ப்போம் என்பதால் அங்கே குழி விழும். குழிந்த கல்லில் கோணம் நிற்காது. அதைப் பார்க்கப் பென்சிலால் கல்லின் மேல் குறுக்கும் நெடுக்கும் கட்டம் போடுங்கள். தட்டையான கண்ணாடியின் மேல் 120 அல்லது 220 எண் தண்ணீர் உப்புத்தாளை நனைத்து ஒட்டி, கல்லைக் கவிழ்த்து வைத்துத் தேயுங்கள். ஓரத்தில் கோடு அழிந்து நடுவில் மட்டும் மிச்சமிருந்தால் அதுதான் குழி. எல்லாக் கோடும் அழிந்தால் கல் மட்டமாகிவிட்டது. இந்த 1000 பக்கம் மென்மையானது என்பதால் இந்த வேலை அடிக்கடி வருகிறது. இதைவிடக் கெட்டியான கற்கள் உண்டு, அவை இவ்வளவு சீக்கிரம் குழியாது. ஆனால் புதிதாகப் பழகுபவருக்கு இந்த மென்மையான கல் கொடுக்கும் பிடிப்பு அவற்றில் இருக்காது. நான் இதையே தேர்ந்தெடுப்பேன்.

தோட்டத்துக் கருவிகளுக்கும் இது உதவுமா என்று கேட்பவர்களுக்கு: ஓரளவு. கவாத்துக் கத்தரியில் இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு தாண்டிப் போகும் வகை இருக்கிறதே, அதில் ஒரு அலகில் ஒரு பக்கம் மட்டும்தான் சரிவு. அந்தச் சரிவை மட்டும் தீட்ட வேண்டும். தட்டைப் பக்கத்தைக் கல்லின் மேல் முழுக்கப் படுக்க வைத்து, பிசிறு போகிற அளவுக்கு ஒரு இழுப்பு, அவ்வளவுதான். அந்தப் பக்கத்திலும் சாய்த்துத் தீட்டினால் இரண்டு அலகுக்கும் நடுவில் இடைவெளி விழும், தண்டு வெட்டுப்படாமல் மடிந்து மாட்டிக்கொள்ளும். கொக்கி மாதிரி இருக்கும் எதிர் அலகைத் தீட்டவே வேண்டாம். தீட்டுவதற்கு முன் காய்ந்து படிந்த பிசினைச் சோப்புத் தண்ணீரில் தேய்த்து எடுங்கள். இல்லையென்றால் அது கல்லின் துளைகளை அடைத்துவிடும்.

செடிக்கு இது சின்ன விஷயம் இல்லை. நசுங்கிய தண்டு ஆறுவதற்கு நாளாகும், அந்தக் காயம் வழியாகத்தான் பூஞ்சையும் பாக்டீரியாவும் நுழையும். கூரான அலகில் வெட்டிய முகம் வழவழவென்று இருக்கும், சீக்கிரம் மூடிக்கொள்ளும். நோய் கண்ட செடியை வெட்டியிருந்தால், அடுத்த செடிக்குப் போகும் முன் அலகை 70 சதவீத ஆல்கஹாலில் துடையுங்கள்.

ஆனால் வளைந்த அலகுக்கு 18 சென்டிமீட்டர் கல் வசதியானது இல்லை. கருவியை அசையாமல் பிடித்து, கல்லைக் கையில் எடுத்து அதன் ஓரத்தால் இழைக்க வேண்டியிருக்கிறது. கனமான கல், மணிக்கட்டு வலிக்கும். அதற்கென்று விரல் நீளத்தில் சின்னக் கல் தனியாக வைத்துக்கொள்வது நல்லது. மண்வெட்டி, களைக்கொத்து போன்றவற்றை இந்தக் கல்லின் பக்கமே கொண்டுவராதீர்கள். அவற்றுக்கு அரம்தான் சரி. மண்ணில் இறங்குகிற கருவிக்கு இவ்வளவு நுணுக்கமான கூர் தேவையும் இல்லை, நிற்கவும் நிற்காது.

ரொட்டி அறுக்கும் பல் வைத்த கத்திக்கும் இது ஆகாது. வெள்ளைப் பீங்கான் கத்திக்கு வைரத் துகள் பதித்த தகடுதான் வேண்டும்.

இழுத்தால் போதும் என்று வரும் சின்னச் சாணைப் பெட்டிகளோடு ஒப்பிட்டுச் சொல்லச் சொன்னால், அவை அவசரத்துக்கு உதவும். இரண்டு தகட்டுக்கு நடுவில் கத்தியை இழுக்கும்போது எஃகைச் சுரண்டி எடுத்துவிடும். கோணம் அது வைத்ததுதான், மாற்ற முடியாது. கூர் வரும், கரடுமுரடாக வரும், கத்தியின் ஆயுளும் குறையும். கத்தியை உரசுவதற்கென்று வரும் நீளக் கம்பி கூரைத் தீட்டுகிறது என்று ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. வழவழப்பான எஃகுக் கம்பி தீட்டுவதில்லை; வெட்டும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்துபோன கூரை நிமிர்த்துகிறது. மென்மையான எஃகுக் கத்தியில் கூர் தேய்வதற்கு முன் சாயத்தான் செய்யும், அதனால் சமைப்பதற்கு முன் கம்பியில் இரண்டு இழுப்பு இழுத்தால் கல்லுக்குப் போகும் நாள் தள்ளிப்போகும். கம்பியும் கல்லும் சேர்ந்து இருக்க வேண்டியவை.

தீட்டிய பிறகு அந்தக் கூரைக் காப்பாற்றுவது பலகைதான். கண்ணாடிப் பலகை, கல் மேடை, பீங்கான் தட்டு இவற்றின் மேல் வெட்டினால் எந்தக் கூரும் அன்றே போய்விடும். மரமோ பிளாஸ்டிக்கோ இருக்கட்டும். நறுக்கியதைக் கூரால் சுரண்டித் தள்ளாமல் முதுகால் தள்ளுங்கள். பாத்திரத் தொட்டிக்குள் மற்றவற்றோடு போடாதீர்கள். பாத்திரம் கழுவும் இயந்திரத்திலும் வேண்டாம். அங்கே ஒன்றோடொன்று மோதுவதும் காரமான சோப்பும் சேர்ந்து கூரைக் கெடுக்கும். துருப்பிடிக்கும் எஃகு என்றால் கழுவியவுடன் துடைத்து வையுங்கள்.

கல்லைக் கழுவிவிட்டு நிழலில், காற்றோட்டமாக, நிறுத்திவைத்துக் காயவிடுங்கள். வெயிலிலோ அடுப்புப் பக்கத்திலோ வைத்தால் வெளிப்புறம் சீக்கிரம் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும், விரிசல் வரும். இரண்டு பக்கமும் ஒட்டப்பட்ட கல் என்பதால் அந்த ஒட்டு இடத்தை அவ்வப்போது பாருங்கள். முழுக்கக் காயாமல் பெட்டிக்குள் போட வேண்டாம்.

புதுக் கல்லில் பழகும்போது நல்ல கத்தியை எடுக்காதீர்கள். அகலமாகவும் நேராகவும் உள்ள பழைய கத்தி ஒன்றை எடுங்கள், அதில்தான் கோணம் சீக்கிரம் கைக்கு வரும். நுனி வளைந்த சின்னக் கத்தியைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.